மருந்தும் விளக்கமும்

நோய்க்கு மருந்து காண்பது விஞ்ஞானியின் வேலை. அதனை எழுதிக் கொடுப்பது மருத்துவரின் வேலை. வாங்கி உட்கொள்வது நோயாளியின் வேலை. சாதாரணமாக இவ்வளவே கருதப்படுகிறது. ஆயினும், மருத்துவரின் கையிலிருந்து நோயாளியின் வீட்டிற்கு மருந்து செல்லும் வழியில் இன்னொரு வேலையும் இருக்கிறது. மருந்து எதற்காக, எவ்வளவு, எத்தனை நாள், உட்கொண்டபின் என்ன நேரும், எந்நிலையில் மீண்டும் மருத்துவரிடம் வரவேண்டும் என்பவற்றை நோயாளிக்குப் புரியும்படி எடுத்துரைப்பதே அவ்வேலை. இது சரிவர நடைபெறாவிட்டால் சிறந்த மருந்தும் பயன்படாமற் போகலாம். சில சமயங்களில் தீங்கும் விளைவிக்கலாம்.

இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுவது வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கப்படும் உப்பு-சர்க்கரைக் கரைசல். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரால் மருந்துக் கடைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பொட்டலமாகக் கிடைப்பது இதுவே. இக்கரைசலைக் கலப்பவர் மருந்தாளர் அல்லர். புகட்டுபவர் நர்ஸ் அல்லர். இரண்டையும் செய்பவர் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் தாய். ஆகவே, தாய்க்குக் கூறப்படும் விளக்கத்தை இம்மருந்திலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

கரைசல் வேலை செய்யும் விதம்

வயிற்றுப்போக்கில் உயிருக்கு உடனடி அபாயத்தை விளைவிப்பது உடலிலிருந்து நீரும் உப்புக்களும் வெளியேறுவதே. கடுமையான காலராவில் வயதுவந்த ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை நீரை இழக்கக்கூடும். சிறு குழந்தையின் உடலில் உள்ள நீரின் மொத்த அளவே குறைவாதலின், அதற்கு ஆபத்து மேலும் விரைவில் நேருகிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ 4,40,000 பேர் ஆண்டுதோறும் உலகெங்கும் பேதி நோய்களால் மடிகின்றனர்.

வெறும் நீரைக் குடிப்பதால் இவ்விழப்பு ஈடாவதில்லை. நோயுற்ற குடல் உப்பையும் நீரையும் தானாக ஏற்கும் திறனைப் பெரிதும் இழந்திருக்கும். ஆனால், குளுக்கோஸ் சர்க்கரை உடனிருந்தால் நிலைமை மாறுகிறது. குடலின் உட்சுவரிலுள்ள அணுக்களில் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே கொண்டு செல்லும் ஏற்பாடு ஒன்று உண்டு. அவை செல்ல, நீரும் பின்தொடர்கிறது. ராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1960-இல் இதனை விளக்கிக் காட்டினார். பேதி நோயிலும் இந்த ஏற்பாடு பெரும்பாலும் கெடாதிருப்பதே கரைசல் சிகிச்சைக்கு அடிப்படை.

இதில் அளவு மிக முக்கியமானது. உப்பு மிகுந்தால் இரத்தத்தில் சோடியத்தின் அளவு ஏறிக் குழந்தைக்குக் கேடு விளைவிக்கும். சர்க்கரை மிகுந்தால், அது குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை அதிகரிக்கும். இரண்டும் குறைந்தால் பயன் குறையும். தற்போது பொதுவாக வழங்கப்படும் பொட்டலத்தில், ஒரு லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாதாரண உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட் ஆகியவை, ஆக மொத்தம் 20.5 கிராம் அடங்கியுள்ளன. பொட்டலத்திற்குள் இருப்பதைத் தொழிற்சாலை அளந்து கொடுத்துவிடுகிறது. நீரை அளக்க வேண்டியவர் தாய்.

முகாமில் நடந்தது

கல்கத்தாவில் டாக்டர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, 1953-ஆம் ஆண்டிலேயே, 186 காலரா நோயாளிகளுக்குச் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துச் சிகிச்சை செய்ததைப் பற்றி எழுதினார். டாக்காவிலும் கல்கத்தாவிலும் 1960-களில் நிகழ்ந்த பரிசோதனைகள் இம்முறையை உறுதிப்படுத்தின. எனினும், பயிற்சி பெற்ற மருத்துவர்களின் மேற்பார்வையில்தான் இதனைக் கையாள முடியும் என்ற கருத்தே அக்காலத்தில் நிலவியது.

அக்கருத்தை மாற்றியது 1971-ஆம் ஆண்டு. கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டு, லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்திற்குள் வந்தனர். எல்லையிலுள்ள பங்காவ்ன் என்னும் ஊரில் காலரா பரவியது. இரத்தக் குழாய் வழியே ஊசி மூலம் செலுத்தும் சலைன் விரைவில் தீர்ந்துபோகும் நிலை ஏற்பட்டது. அதைச் செலுத்தத் தெரிந்தவர்களும் போதவில்லை. அங்குப் பணிபுரிந்த டாக்டர் திலீப் மஹலானபிஸ், குளுக்கோஸ், சாதாரண உப்பு, சோடியம் பைகார்பனேட் ஆகிய மூன்றையும் பொட்டலங்களாகக் கட்டச் செய்து, நீரில் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். நோயாளிகளுக்குக் கரைசலைப் புகட்டும் பொறுப்பு அவரவர் உறவினர்களிடமே விடப்பட்டது. அதற்குமுன் நூற்றுக்கு 30 என்ற அளவில் இருந்த இறப்பு, இம்முறையில் சிகிச்சை பெற்றோரிடையே 3.6 ஆகக் குறைந்தது.

உரியவாறு சொல்லிக் கொடுத்தால், மருத்துவப் பயிற்சி ஏதுமில்லாத உறவினரும் உயிர் காக்கும் சிகிச்சையை அளிக்க முடியும் என்பது இதனால் நிரூபணமாயிற்று. டாக்டர் மஹலானபிஸ் 2022-இல் காலமானார். மறு ஆண்டில் அவருக்குப் பத்மவிபூஷண் விருது வழங்கப்பட்டது.

வீடுதோறும் கற்பித்தல்

முகாமில் மருத்துவர் அருகிலிருந்தார். கிராமத்து வீட்டில் அவர் இல்லை. அங்குள்ள தாய்க்கு இதனை எவ்வாறு கற்பிப்பது என்ற வினாவிற்கு விடை காண முயன்றது வங்காளதேசத்தின் பிராக் என்னும் தொண்டு நிறுவனம். அந்நாட்டில் அப்போது பொட்டலங்கள் எங்கும் கிடைக்கவில்லை. ஆகவே, மூன்று விரல்களால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் நீர் என்று வீட்டுப் பொருள்களாலேயே கலக்கும் முறையை அது வகுத்தது. பின்னர் 1980 முதல் 1990 வரையிலான பத்தாண்டுகளில், பெண் ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இதனைக் கற்பித்தனர்.

இத்திட்டத்தில் மூன்று அம்சங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, கூறவேண்டிய செய்திகள் எண்ணிக்கையில் வரையறுக்கப்பட்டிருந்தன. தொடக்கத்தில் பத்தாக இருந்தவை பின்னர் ஏழாகக் குறைக்கப்பட்டன. இரண்டாவது, ஊழியர் கலந்து காட்டுவதுடன் பாடம் முடிந்துவிடவில்லை. தாயே தம் கையால் அளந்து கலக்க வேண்டும். மூன்றாவது, ஊழியரின் ஊதியம் அவர் எத்தனை வீடுகளுக்குச் சென்றார் என்பதைப் பொறுத்ததன்று. சில வாரங்களுக்குப் பின் வேறொருவர் சில வீடுகளைப் பொறுக்கியெடுத்துச் சென்று, தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார் என்று கேட்டறிவார். கலந்த கரைசலின் மாதிரிகளும் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டன. தாய் நினைவில் கொண்ட அளவே ஊழியரின் ஊதியத்தை நிர்ணயித்தது.

இந்த மூன்றாவது அம்சம் சிந்தனைக்குரியது. எத்தனை துண்டுப் பிரசுரங்கள் அச்சிடப்பட்டன, எத்தனை கூட்டங்கள் நடைபெற்றன என்பவற்றையே சுகாதாரப் பிரசாரத்தில் கணக்கிடுவது பொதுவான வழக்கம். அவை சொன்னவரின் உழைப்பைக் காட்டுமேயன்றி, கேட்டவர் பெற்றதைக் காட்டமாட்டா.

சொல்லும் பொருளும்

இத்தனை கவனத்துடன் கற்பித்த பின்னும் எதிர்பாராத இடையூறு ஒன்று தோன்றியது. தாய்மார்கள் கரைசலைப் பிழையின்றிக் கலந்தனர். வினாக்களுக்குச் சரியாக விடையளித்தனர். ஆனால், குழந்தைக்கு நோய் கண்டபோது அதனைப் பயன்படுத்தியவர்கள் மிகச் சிலரே. காரணத்தை ஆராய்ந்தபோது மொழியில் உள்ள சிக்கல் வெளிப்பட்டது. ஊழியர்கள் 'டயரியா' என்ற சொல்லைப் பயன்படுத்தியிருந்தனர். மருத்துவ நூலில் அது எல்லாவகை வயிற்றுப்போக்கையும் குறிக்கும். கிராமத்துப் பெண்களோ வயிற்றுப்போக்கை நான்கு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் ஒரு பெயர் வைத்திருந்தனர். காலரா போன்ற கடுமையான வகை மட்டுமே அவர்களிடம் 'டயரியா'. பால் குடிக்கும் குழந்தைக்கு வருவது வேறு, அஜீரணத்தால் வருவது வேறு, சீதபேதி வேறு. எனவே, தங்களுக்குக் கற்பிக்கப்பட்ட கரைசல் இம்மூன்றிற்கும் உரியதன்று என்று அவர்கள் கொண்டனர். அவர்கள் கேட்டதும் உண்மை, ஊழியர் சொன்னதும் உண்மை. சொல் ஒன்றாக இருந்தும் பொருள் வேறாயிற்று.

வேறு காரணங்களும் இருந்தன. சில ஊழியர்களுக்கே கரைசலில் நம்பிக்கை இல்லை. தங்களுக்கு நோய் வந்தால் மாத்திரையை நாடினர். அவர்களை டாக்காவிலுள்ள பேதிநோய் ஆராய்ச்சி மையத்திற்கு அழைத்துச் சென்று, கரைசல் வேலை செய்யும் விதத்தை விளக்கிக் காட்டினர். பணம் செலவிடும் உரிமையுள்ள ஆடவர்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை என்பதும் தெரிய வந்தது. அதன்பின் கடைவீதிகளிலும் பள்ளிகளிலும் மசூதிகளிலும் அவர்களுக்கும் விளக்கம் அளிக்கப்பட்டது. இத்திருத்தங்களுக்குப் பின் கரைசலின் உபயோகம் உயரத் தொடங்கியது.

மருந்திடம் எதிர்பார்க்க வேண்டியது

உலகெங்கும் தாய்மார்கள் கரைசலைக் கைவிடுவதற்கு வேறொரு காரணமும் கூறப்படுகிறது. இம்மருந்து போக்கை உடனே நிறுத்துவதில்லை. உடலில் நீர் வற்றாமல் காப்பதே இதன் வேலை. நோய் சில நாட்களில் தானாகவே தணிகிறது. இதனை முன்கூட்டிக் கூறாவிட்டால், 'அரை நாள் கொடுத்தும் போக்கு நிற்கவில்லை, மருந்து பலிக்கவில்லை' என்று தாய் முடிவு செய்வது இயற்கையே. பின்னர் தேவையற்ற ஆன்டிபயாடிக் மருந்துகளையோ, போக்கை நிறுத்தும் மாத்திரைகளையோ நாடிச் செல்ல நேரிடுகிறது. பின்னவை சிறு குழந்தைகளுக்கு ஆபத்தானவை.

ஆகவே, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதுடன், கொடுத்தால் எது நேரும், எது நேராது என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை போக்கு ஏற்பட்ட பின்னும், இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி வரையிலும், அதற்கு மேற்பட்ட சிறுவர்க்கு 100 முதல் 200 மில்லி வரையிலும் கொடுக்கலாம். குழந்தை வாந்தியெடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மெதுவாகப் புகட்ட வேண்டும். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தலாகாது. கலந்த கரைசலை 24 மணி நேரத்திற்கு மேல் வைத்திருத்தல் கூடாது. மலத்தில் இரத்தம் காணுதல், குடிக்க இயலாமை, ஓயாத வாந்தி, கண்கள் குழிவிழுதல், குழந்தை சோர்ந்து மயங்கிக் கிடத்தல் ஆகியவற்றுள் எது தோன்றினும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கரைசலுடன் கொடுக்கப்படும் துத்தநாக மாத்திரைக்கும் இத்தகைய விளக்கம் தேவை. ஆறு மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராமும், இரண்டு முதல் ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 10 மில்லிகிராமும், பதினான்கு நாட்கள் கொடுக்க வேண்டும் என்பது விதி. மூன்றாம் நாளே போக்கு நின்றுவிட்டால், எஞ்சிய மாத்திரைகள் எதற்கு என்று தாய் கேட்பார். குடலின் உட்சுவர் பழுது நீங்கவும், அடுத்த சில மாதங்களில் மீண்டும் நோய் வருவதைக் குறைக்கவும் அவை உதவுகின்றன என்று ஒரு வாக்கியத்தில் காரணம் கூறினால், பதினான்கு நாட்களும் அவற்றைக் கொடுக்கத் தாய்க்கு ஒரு நியாயம் கிடைக்கிறது.

பொட்டலத்தின் மேலுள்ள எழுத்து

பொட்டலமும் நோயாளியிடம் பேசுகிறது. நம் நாட்டில் ஒரு லிட்டர் நீருக்குரிய பெரிய பொட்டலமும், 200 மில்லி நீருக்குரிய சிறிய பொட்டலமும் விற்பனையாகின்றன. சிறியதைக் கலந்து பழகிய ஒருவர், அதே வழக்கத்தில் பெரியதையும் ஒரே தம்ளர் நீரில் கரைத்துவிட்டால், கரைசல் ஐந்து மடங்கு செறிவுடையதாகிக் குழந்தைக்கு ஆபத்தாக முடியும். 'ஒரு லிட்டர்' என்று அச்சிட்டிருப்பது மட்டும் போதாது. ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியையோ, வீட்டிலுள்ள பாத்திரத்தையோ காட்டி, இதுவரை நீர் வேண்டும் என்று சுட்டுவதே பயன் தரும்.

பெயரும் ஏமாற்றக்கூடும். சர்க்கரை மிகுந்த சில பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துக்களைத் தம் பெயருடன் சேர்த்துக்கொண்டு பல ஆண்டுகள் விற்பனையாகி வந்தன. அவற்றைக் குழந்தைக்கு மருந்தாகக் கொடுத்த பெற்றோர் அறிவுரையை மீறியவர்கள் அல்லர். அறிவுரையில் கேட்ட பெயரைக் கடையில் தேடி வாங்கியவர்களே. மருத்துவர்களின் முறையீடுகளுக்குப் பின், இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உணவு, பானப் பொருள்களின் பெயர்களில் இவ்வெழுத்துக்களைப் பயன்படுத்தக் கூடாதென உத்தரவிட்டது.

மருத்துவரும் கேட்க வேண்டும்

தேசிய குடும்ப நல ஆய்வுகளின்படி, பேதி கண்ட ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் ஓ.ஆர்.எஸ். பெற்றவர்கள் 2005-06-இல் நூற்றுக்குச் சுமார் 26 பேர், 2015-16-இல் 50.6, 2019-21-இல் 60.6. ஆஷா ஊழியர்கள் வீடுதோறும் பொட்டலம் வழங்கி, கலக்கும் முறையைச் செய்து காட்டும் இயக்கம் 2014 முதல் நடைபெற்று வருகிறது. இது வளர்ச்சியே. எனினும், பங்காவ்ன் நிகழ்ச்சிக்கு ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது குழந்தைகளுக்கு இம்மருந்து கிட்டவில்லை என்பதும் இதிலிருந்தே தெரிகிறது.

மருத்துவர்கள் இதனை அறியாதவர்களா? அப்படியன்று. கர்நாடகத்திலும் பீகாரிலும் 253 ஊர்களில் தனியார் மருத்துவம் செய்வோரிடையே நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவுகள், 2024-ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' என்னும் ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளியாயின. பயிற்சி பெற்ற சிலர், பேதி கண்ட குழந்தையின் தந்தையர் போல் சென்று ஆலோசனை கேட்டனர். ஓ.ஆர்.எஸ். குறைவாக எழுதப்படுவதற்குக் கையிருப்பின்மையோ, இலாப நோக்கமோ பெருங்காரணமாக இல்லை. நோயாளிகள் இதனை விரும்பமாட்டார்கள் என்று மருத்துவர்கள் எண்ணியதே அக்குறையில் 42 சதவீதத்திற்குக் காரணம் என்று கணக்கிடப்பட்டது. வந்தவர் ஓ.ஆர்.எஸ். மீது தமக்குள்ள விருப்பத்தைத் தெரிவித்தபோது, அதனை எழுதிக் கொடுத்தவர்களின் விகிதம் கணிசமாக உயர்ந்தது.

ஊசியோ வலுவான மாத்திரையோதான் கேட்பார்கள் என்று மருத்துவர் ஊகிக்கிறார். மருத்துவர் எழுதாததால் அது முக்கியமான மருந்தன்று என்று பெற்றோர் ஊகிக்கின்றனர். இருவரும் வாய்திறந்து பேசாத இடத்தில் இரண்டு ஊகங்களுக்கிடையே அகப்படுவது குழந்தையே. விளக்கம் என்பது மருத்துவர் பேசி நோயாளி கேட்பது மட்டுமன்று. நோயாளியின் எண்ணத்தை மருத்துவர் கேட்டறிவதும் அதன் பகுதியாகும்.

புரிந்ததை அறியும் முறை

மருத்துவமனைகளில் அறிவுரையின் முடிவில் வழக்கமாகக் கேட்கப்படுவது, 'புரிந்ததா?' என்னும் வினா. இதற்குப் 'புரிந்தது' என்பதே ஏறக்குறைய எப்போதும் கிடைக்கும் விடை. புரியவில்லை என்று கூற நோயாளி கூச்சப்படுகிறார். பின்னால் பலர் காத்திருப்பதையும் அவர் காண்கிறார். ஆதலின், அவ்விடையால் எதுவும் தெரிவதில்லை. அதற்குப் பதிலாக, 'நான் சரியாகச் சொன்னேனா என்று தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டிற்குப் போனதும் இதை எப்படிக் கலப்பீர்கள், சொல்லுங்கள் அம்மா' என்று கேட்கும் முறை பல நாடுகளில் மருத்துவப் பணியாளர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. இவ்வாறு கேட்கும்போது பரீட்சைக்கு உள்ளாவது நோயாளியன்று, விளக்கியவரே. விடையில் தவறு இருப்பின், அப்பகுதியை மட்டும் வேறு சொற்களால் மீண்டும் கூறி, மறுபடியும் சொல்லச் செய்தல் வேண்டும்.

நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொள்பவர், காசநோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை உண்பவர், இரத்த அழுத்தத்திற்கு வாழ்நாள் முழுதும் மருந்து எடுப்பவர் ஆகிய அனைவருக்கும் இம்முறை பொருந்தும். செய்திகள் சிலவாக இருத்தல், நோயாளி வழங்கும் சொற்களிலேயே கூறுதல், கையால் செய்ய வேண்டியதை அவர் கையாலேயே செய்யச் சொல்லுதல், மருந்திடம் எதிர்பார்க்கக் கூடியதை முன்கூட்டி உரைத்தல், திரும்பி வரவேண்டிய அறிகுறிகளைத் தெரிவித்தல், இறுதியில் அவரையே சொல்லச் செய்து கேட்டல் ஆகிய இவையே அதன் அங்கங்கள்.

இதற்கு ஒரு நோயாளியிடம் சில நிமிஷங்கள் கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மை. கூட்டம் மிகுந்த மருத்துவமனையில் அந்நேரத்தை ஒதுக்குவதும் எளிதன்று. ஆயினும், மருத்துவரே இதனைச் செய்ய வேண்டுமென்பதில்லை. நர்ஸும் மருந்தாளரும் ஆஷா ஊழியரும் செய்யலாம். சில ரூபாய் விலையுள்ள ஒரு பொட்டலத்தைக் கையில் வாங்கிச் செல்லும் தாய், அன்றிரவு மருத்துவரோ ஊழியரோ அருகில் இல்லாதபோது, தாம் கேட்டதைக் கொண்டே குழந்தையைக் காக்க வேண்டியவராகிறார். ஆதலின், மருந்தை அளந்து கொடுப்பதில் காட்டும் அதே கவனத்தை, அதனுடன் செல்லும் சொற்களிலும் காட்டுவது சிகிச்சையளிப்போர் யாவர்க்கும் கடமையாகும்.